பழைய பாத்திரத்தோடு புதிய கதைக்குள் நுழையலாமா?

அந்திமந்தாரை எழுதியது:

வணக்கம். எழுத்துவழி ரோல்பிளேயில், அதாவது ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுப் பலர் சேர்ந்து ஒரே கதையை எழுதும் விளையாட்டில், நீண்ட காலம் இருப்பவர்களிடம் ஒரு குழப்பத்தைச் சொல்லித் தெளிவுபெற விரும்புகிறேன்.

மூன்றரை ஆண்டுகளாக, டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் எங்களுக்கென்று இருந்த ஒரு சர்வரில், கற்பனையான ஒரு துறைமுக நகரத்தைக் களமாக வைத்து நாங்கள் 11 பேர் கதை எழுதிவந்தோம். அதில் என் பாத்திரத்தின் பெயர் நாச்சி. உப்புக் கிடங்கில் கணக்கெழுதுபவள், நாற்பதை நெருங்குபவள், யாரிடம் பேசினாலும் பேச்சுக்கு நடுவே எதையாவது எண்ணிக்கொண்டிருப்பவள். இரண்டு காட்சிகளுக்கு மட்டும் என்று நினைத்துத்தான் அவளை எழுதத் தொடங்கினேன். போகப்போக, நகரத்தின் பாதி வழக்குகள் அவளுடைய கணக்குப் புத்தகத்தில் வந்து முடிகிற அளவுக்கு அவள் வளர்ந்துவிட்டாள். சென்ற ஆண்டின் இறுதியில் ஆட்கள் ஒவ்வொருவராக விலக, சர்வர் ஓசையின்றி அடங்கிப்போனது. சண்டை எதுவும் இல்லை. வேலை, திருமணம், தேர்வு என்று வழக்கமான காரணங்கள்தாம்.

இப்போது வேறொரு குழுவில் சேர அழைப்பு வந்திருக்கிறது. களம், வியாழனைச் சுற்றிவரும் ஒரு விண்வெளிக் குடியிருப்பு; காலம், இன்றிலிருந்து இருநூறு ஆண்டுகள் தள்ளி. விண்ணப்பப் படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு வாரங்களாக உட்கார்ந்திருக்கிறேன். புதிதாக ஒருவரை உருவாக்க முயலும்போதெல்லாம் நான்காவது வரியிலேயே அந்த ஆள் நாச்சியைப் போலப் பேசத் தொடங்கிவிடுகிறார். அப்படியானால் நாச்சியையே கொண்டுபோய்விடலாமே என்று தோன்றுகிறது. உப்புக் கிடங்குக்குப் பதிலாக ஆக்சிஜன் கிடங்கு, அவ்வளவுதான். ஆனால் அந்தக் குழுவில் இருக்கும் தோழி ஒருத்தி, அது சோம்பேறித்தனம் என்கிறாள். "முடிந்துபோன கதையின் விடைகளையெல்லாம் மடியில் கட்டிக்கொண்டு வருகிறாய், நாங்கள் உன்னிடம் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது?" என்றாள். அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நாச்சிக்கு ஒரு தம்பி இருந்தான். அவனை எழுதியவர் வேறொருவர். நாச்சி இன்றைக்கு இருக்கிற விதமாக இருப்பதற்குப் பாதிக் காரணம், அந்தத் தம்பியோடு நடந்த காட்சிகள். தம்பியை எழுதியவர் எட்டு மாதங்களாக இணையத்திலேயே தென்படவில்லை. அவரைக் கேட்காமல் அந்தக் கடந்தகாலத்தை நான் எடுத்துச்செல்வது முறையாகுமா?


கலங்கரை எழுதியது:

இரண்டு குழுக்களில் விண்ணப்பங்களைப் படித்து அனுமதி அளிக்கும் பொறுப்பில் இருந்தவன் நான். ஆகவே படிவத்தைப் படிப்பவன் என்ற நிலையிலிருந்து சொல்கிறேன்.

வருவது பழைய பாத்திரம் என்பது படிவத்தின் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். வரலாறு என்ற பகுதி மட்டும் நான்கு பக்கங்களுக்கு நீளும். நாங்கள் கேள்விப்பட்டே இராத ஏழு பேரின் பெயர்கள் அதில் வரும். அவர்களுள் மூவர் இறந்திருப்பார்கள். அந்த மரணங்கள் எழுதியவருக்கு உண்மையாகவே கனமானவை, ஏனென்றால் மாதக்கணக்கில் மற்றவர்களோடு சேர்ந்து அவற்றை எழுதி, எழுதும்போது அழுதும் இருப்பார். படிக்கிற எங்களுக்கோ அவை வெறும் தகவல்கள்.

இது இணையத்தோடு பிறந்த சிக்கலும் அன்று. 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் பாத்திர விளையாட்டு வெளிவந்த பிறகு, அந்தப் பத்தாண்டுகளில் ஆட்டக்காரர்கள் தங்கள் பாத்திரத்தின் விவரங்கள் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு, ஆட்டத்தை நடத்தும் ஒரு நடுவரின் மேசையிலிருந்து இன்னொருவரின் மேசைக்குப் போவது சாதாரணமாக இருந்தது. ஒரு மேசையில் தாராளமாகக் கிடைத்த மந்திர வாள்களோடு ஒருவர் அடுத்த மேசைக்கு வந்து உட்கார்ந்தால், அங்கே பாடுபட்டு முதல் நிலையைத் தாண்டிக்கொண்டிருப்பவர்களுக்கு வேலையே இல்லாமல் போய்விடும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் பரிசு வழங்கும் நிகழ்ச்சியை நடத்திய மான்டி ஹாலின் பெயரை, கொள்ளையாக வாரிக்கொண்டு போவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகத் திரித்து, அப்படிப்பட்ட ஆட்டங்களைக் கேலி செய்யும் வழக்கம்கூட அக்காலத்தில் உருவானது. எழுத்துவழி ரோல்பிளேயில் வாளின் இடத்தில் துயரம் இருக்கிறது. மூன்றரை ஆண்டுத் துயரத்தைச் சுமந்துகொண்டு ஒருத்தி அவைக்குள் நுழையும்போது, நேற்றுப் பிறந்த பாத்திரங்கள் தங்கள் சின்னக் கவலைகளை வாய்திறந்து சொல்லவே கூசுகின்றன.

அதனால் பழைய பாத்திரங்களை நான் மறுத்துவிடுவேன் என்று எண்ண வேண்டாம். வரலாற்றை ஒரு பக்கத்துக்குள் எழுதித் தாருங்கள் என்று மட்டும் கேட்பேன். சுருக்கி எழுத முடிந்தவர்கள் நன்றாக நிலைத்தார்கள். முடியாதவர்களில் பலர் இரண்டு மாதங்களில் விலகிப் போனார்கள். அவர்கள் தேடி வந்தது புதிய கதையை அன்று, பழைய தோழர்களை.


தாழ்வாரம் எழுதியது:

சோம்பேறித்தனம் என்ற சொல்லை முதலில் ஒதுக்கி வைப்போம். ஒரு பாத்திரத்தை எடுத்துச்செல்ல முடியுமா என்பதை நெடுங்காலம் எழுத்தாளரின் உழைப்போ சோம்பலோ தீர்மானிக்கவில்லை. அந்தப் பாத்திரம் எங்கே குடியிருந்தது என்பதுதான் தீர்மானித்தது. 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் எழுதிய முதல் மட் விளையாட்டு (பலர் ஒரே கணினிக்குள் நுழைந்து எழுத்தாலேயே ஆடும் கற்பனை உலகம்) முதற்கொண்டு, அந்த மரபில் வந்த எல்லாவற்றிலும் உங்கள் பாத்திரம் அந்தக் கணினியின் கோப்பில் ஒரு பதிவு. அந்தக் கணினியை ஒரேயடியாக நிறுத்திவிட்டால் பதிவும் போயிற்று. சில மட் விளையாட்டுகளில் பாத்திரம் ஒருமுறை இறந்தால் இறந்ததுதான். மறுநாள் வேறு பெயரில், வேறு ஆளாகத்தான் உள்ளே வர முடியும். அங்கே புதிதாகப் படைப்பதா பழையதைத் தொடர்வதா என்ற கேள்விக்கே இடமில்லை.

நிலைமையை மாற்றியவை நாட்குறிப்புத் தளங்கள். 1999இல் தொடங்கிய லைவ்ஜர்னலிலும், 2009இல் அதன் நிரலிலிருந்து கிளைத்த டிரீம்வித்திலும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கு விளையாட்டை நடத்துபவருக்குச் சொந்தமன்று, எழுதுபவருக்கே சொந்தம். விளையாட்டு மூடப்பட்ட பிறகும் பெயர், படங்கள், பழைய உரையாடல்கள் யாவும் கையில் மிஞ்சின. ஆகையால் முந்தைய விளையாட்டின் நினைவுகளோடு புதிய விளையாட்டுக்குள் வரும் பாத்திரங்கள் பெருகின. அவற்றைக் குறிக்க சி.ஆர்.ஏ.யு. என்று ஒரு நான்கெழுத்துப் பெயரே வைக்க வேண்டியதாயிற்று. சில விளையாட்டுகள் அத்தகைய விண்ணப்பங்களை ஏற்கும், சில ஏற்பதில்லை, வேறு சில, பழைய விளையாட்டால் இந்தப் பாத்திரம் எவ்விதம் மாறியது என்பதைத் தனிப் பகுதியாக எழுதச் சொல்லும். இப்போது டிஸ்கார்டில் டப்பர்பாக்ஸ் போன்ற பாட்கள் (தானியங்கி நிரல்கள்) இருப்பதால், நாம் தட்டச்சிடும் வரி பாத்திரத்தின் பெயரோடும் படத்தோடும் விழுகிறது. நாச்சியை வியாழனுக்குக் கொண்டுபோக ஒரு நிமிடம் போதும். இதற்கிடையில் இடங்கள் மறைந்துகொண்டே இருந்தன. 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸ் மூடப்பட்டது. 2020 டிசம்பரில் யாஹூ குழுமங்கள் மூடப்பட்டன. வீடு இடிகிறபோது கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறவரைப் பார்த்து, ஏன் புதிதாக வாங்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

எனக்கும் அப்படி ஒருவன் உண்டு. பரிசலோட்டி. பதினான்கு ஆண்டுகளில் ஐந்து களங்களைப் பார்த்துவிட்டான். ஒரு களத்தில் ஆறே கிடையாது, பாலைவனம். இரண்டாவது இடத்துக்குப் போனபோது அவனை முழு நினைவுகளோடும் கொண்டுபோனேன். பத்து நாட்களில் ஆறு காட்சிகளைத் திறந்தேன். ஒன்றுக்கும் மறுமொழி வரவில்லை. புதியவர்கள் என்னை ஒதுக்குகிறார்கள் என்று மனம் நொந்து, நான் எழுதியதையே திரும்பப் படித்தபோதுதான் புரிந்தது. அவன் ஆற்றைப் பார்க்கிறான், பழைய தோழனை நினைக்கிறான், கண்ணைத் துடைத்துக்கொள்கிறான், துடுப்பை எடுக்கிறான். காட்சி அங்கேயே முடிந்துவிட்டது. அதில் இன்னொருவர் வந்து செய்வதற்கு என்ன இருக்கிறது? உங்கள் தோழி சொன்ன விடைகள் என்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு நான் இயல்பை எடுத்துக்கொண்டு வரலாற்றை விட்டுவிடுகிறேன். பேசும் விதம், ஒரு பயம், கைகளுக்கு உரிய ஒரு பழக்கம் ஆகிய மூன்றும் கூடவே வரும். யாரை இழந்தான், யாரைக் காப்பாற்றினான் என்பவை பழைய களத்திலேயே இருக்கும். நம் அகப்பாடல்களில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. பெயர் இல்லாத அதே தோழி நூற்றுக்கணக்கான பாடல்களில், பல புலவர்களின் குரலில் வருகிறாள். ஆனால் எந்தப் பாடலிலும் முந்தைய பாடலில் நடந்ததை நினைவில் வைத்துக்கொண்டு அவள் பேசுவதில்லை. ஒவ்வொரு முறையும் தலைவன் அன்றைக்குத்தான் தினைப்புனத்துக்கு வந்து நிற்கிறான்.

பயன்படக்கூடிய ஒரு சோதனை: நாச்சியின் பெயரையும் தொழிலையும் எடுத்துவிட்டு ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். அவள்தான் என்று தெரிந்தால் இயல்பு உங்கள் கையில் இருக்கிறது. பிறகு, அவள் என்ன செய்வாள் என்று உங்களுக்கே விடை தெரியாத ஒரு கேள்வியைத் தேடுங்கள். அப்படி ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றால் அவளுடைய கதை முடிந்துவிட்டது என்று பொருள். அவளை நிம்மதியாக உப்புக் கிடங்கிலேயே இருக்க விடுங்கள். பல குழுக்கள் விண்ணப்பத்துக்கு முன் சோதனைக் காட்சி எழுத இடம் தருகின்றன. படிவத்தை நிரப்புவதற்கு முன் அங்கே அவளை ஒருமுறை நடமாட விட்டுப் பார்ப்பது நல்லது.


கலங்கரை எழுதியது:

தாழ்வாரம் ஐயாவின் அகப்பாடல் ஒப்புமை எனக்கு முழுவதும் பொருந்துவதாகத் தெரியவில்லை. தோழி என்பவள் மரபு கொடுத்த ஓர் இடம். அவள் எப்படிப்பட்டவள் என்பது பாடுகிறவரும் கேட்கிறவரும் முன்பே அறிந்தது. நாச்சியை இந்தப் புதிய குழுவில் யாரும் அறியமாட்டார்கள். அவளுடைய வரலாற்றை முழுக்கக் கழற்றிவிட்டால், எண்ணிக்கொண்டே இருக்கும் ஒரு பெண்மணி என்ற அடையாளம் மட்டும் மிஞ்சி, அது வெறும் சேட்டையாகிவிடக்கூடும். அவள் ஏன் எண்ணுகிறாள் என்பதற்கு, புதிய களத்திலேயே வேர்கொண்ட வேறொரு காரணம் வேண்டும். சோதனைக் காட்சி பற்றிச் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை.


கோடைஇடி எழுதியது:

எதிர்ப்பக்கத்துச் சாட்சியாக என்னைக் கொள்ளலாம். ஒவ்வொரு கதைக்கும் புதிய பாத்திரம்தான் என்று விரதம் பூண்டவள் நான். சொந்தமாகப் படைத்த பாத்திரத்தை, ‘ஒரிஜினல் கேரக்டர்’ என்பதன் சுருக்கமாக, இந்த வட்டாரத்தில் ஓசி என்பார்கள். ஓசி என்றால் நம்மூரில் காசு கொடுக்காமல் கிடைப்பது என்று பொருள், எனக்கும் அவை அப்படித்தான் கிடைத்துக்கொண்டிருந்தன. ஓராண்டில் 12 பேரைப் படைத்தேன். மருத்துவச்சி, கொள்ளைக்காரி, கடற்படை வீரன், நூலகத்தில் குடியிருக்கும் பேய் என்று ஒருவருக்கொருவர் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆண்டு முடிவில், என்னோடு நெடுநாளாக எழுதும் ஒருவர் மிகவும் பணிவாக, "இவர்கள் எல்லோருமே யாராவது நன்றி சொன்னால் அறையை விட்டு வெளியே போய்விடுகிறார்களே, கவனித்தீர்களா?" என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். பேய்கூடச் சுவர் வழியாக வெளியேறியிருந்தது.

பெயரை மாற்றினால் ஆள் மாறிவிடுவதில்லை. நான் பன்னிரண்டு முகமூடிகளில் ஒருத்தியையே திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறேன். நீங்கள் ஒருத்தியை ஒரே பெயரில், தெரிந்தே எழுதுகிறீர்கள். இரண்டில் நேர்மையானது உங்களுடையதுதான் என்றுகூடத் தோன்றுகிறது.

இருந்தாலும் புதிதாக உருவாக்க விரும்பினால், தொழிலிலும் தோற்றத்திலும் தொடங்காதீர்கள் என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. நாச்சி ஒருபோதும் செய்யமாட்டாத ஒரு செயலை எடுத்துக்கொண்டு, அதைக் கூச்சமில்லாமல் செய்கிற ஒருவரை எழுதிப் பாருங்கள். என் பதின்மூன்றாவது பாத்திரம், நன்றி சொன்னவரிடம் போய் உட்கார்ந்து, நன்றியை இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்லும்படி கேட்கிற ஒரு கிழவன். அவனை எழுதுவதற்கு எனக்கு இன்றும் சிரமமாகத்தான் இருக்கிறது.


மணல்கடிகை எழுதியது:

தம்பியைப் பற்றிய கேள்வியை இதுவரை யாரும் தொடவில்லை. என் பார்வையில் கேட்டவற்றுள் அதுதான் கடினமானது.

தனியாகக் கதை எழுதுபவருக்கு அவருடைய பாத்திரம் முழுவதும் அவருடையது. ரோல்பிளேயில் அப்படியில்லை. நாச்சி ஒரு கேள்வி கேட்டாள், தம்பி ஒரு விடை சொன்னான், அந்த விடையால் நாச்சி மாறினாள் என்றால், அந்த மாற்றம் எழுதப்பட்டது இரண்டு பேரின் கைகளால். அதைப் புதிய குழுவில் உங்கள் பாத்திரத்தின் வரலாறாகப் பதிவு செய்கிறபோது, அவர் எழுதியதன் ஒரு பகுதியை அவர் இல்லாத அவையில் உங்கள் பெயரில் வைக்கிறீர்கள். சட்டத்தைப் பற்றி நான் பேசவில்லை. நம்மிடையே இருக்கவேண்டிய மரியாதையைப் பற்றிப் பேசுகிறேன்.

இதன் மறுபக்கத்தில் நான் நின்றிருக்கிறேன். நான் எழுதிய ஒரு பாத்திரம், எனக்குத் தெரியாத ஒரு குழுவில், எனக்குத் தெரிந்த ஒருவருடைய கதாநாயகியின் இறந்துபோன கணவனாக ஆகியிருந்ததைத் தற்செயலாகப் பார்த்தேன். நான் அவனைக் கொல்லவே இல்லை. அவன் பேசிய இரண்டு வரிகள், நான் ஓர் இரவு முழுவதும் யோசித்து எழுதியவை, அப்படியே அங்கே நினைவுகூரப்பட்டிருந்தன. எழுதியவர் அன்பினால்தான் அதைச் செய்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, இருந்தும் பல நாட்கள் என்னால் எதையும் எழுத முடியவில்லை.

ஆகவே நான் சொல்வது இது. அவருக்கு ஒரே ஒரு முறை, நீட்டாமல், கடிதம் எழுதுங்கள்: நாச்சியைத் தொடர விரும்புகிறேன், உங்கள் தம்பியைக் குறிப்பிடலாமா, வேண்டாம் என்றால் மனவருத்தம் இல்லை. இரண்டு மூன்று வாரங்கள் காத்திருங்கள். பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதில் வராவிட்டால், நாச்சிக்கு ஒரு காலத்தில் உடன்பிறந்தவர் இருந்தார் என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். பெயர், பேச்சு, சம்பவம் எதுவும் வேண்டாம். அந்தச் சம்பவங்களை எடுத்துவிட்டால் நாச்சி நிற்கமாட்டாள் என்று தோன்றினால், நீங்கள் எடுத்துச்செல்ல நினைப்பது நாச்சியை மட்டுமன்று, அந்த இருவரையும்தான்.

மற்றொன்றையும் கவனத்தில் வையுங்கள். பழைய பாத்திரத்தோடு பழைய மனநிலையும் கூடவே வருகிறது. பாத்திரத்தின் உணர்வு எழுதுபவரின் மேலும், எழுதுபவரின் உணர்வு பாத்திரத்தின் மேலும் கசிவதைப் பற்றி இந்தத் துறையில் நிறையவே பேசியிருக்கிறார்கள். தம்பியை இழந்த நாச்சியின் ஏக்கம் எவ்வளவு, பழைய குழுவை இழந்த உங்களுடைய ஏக்கம் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்துவிட்டுப் படிவத்தை நிரப்புவது உங்களுக்கே நல்லது.


அந்திமந்தாரை எழுதியது:

மறுமொழி எழுதிய அனைவருக்கும் நன்றி. (கோடைஇடி அவர்கள் இந்த இடத்தில் வெளியே போய்விடமாட்டார் என்று நம்புகிறேன்.) சற்றுத் தாமதமாக வருவதற்குக் காரணம், மணல்கடிகை சொன்னபடி கடிதம் எழுதிவிட்டுக் காத்திருந்ததுதான். மூன்று வாரங்கள் ஆகிவிட்டன, பதில் வரவில்லை. தம்பியை எடுத்துவிட்டேன்.

எடுத்த பிறகு ஒன்று தெரியவந்தது. நாச்சியின் எண்ணும் பழக்கத்தை நானே தொடக்கத்திலிருந்து எழுதிவந்ததாக உறுதியாக நம்பியிருந்தேன். பழைய சேனல்களில் பின்னோக்கிப் போய்ப் பார்த்தபோது, அது முதன்முதலில் வந்தது தம்பி பேசிய ஒரு வரியில். "அக்கா, நீ கோபமாக இருந்தால் எதையாவது எண்ணத் தொடங்கிவிடுகிறாய்" என்று அவன் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறான். அதற்கு முன்பிருந்த நாச்சி எதையும் எண்ணியதே இல்லை. மூன்று ஆண்டுகளாக என்னுடையது என்று நான் நினைத்திருந்தது அவர் கொடுத்தது.

அதனால் அதையும் விட்டுவிட்டேன். சோதனைக் காட்சியில், ஆக்சிஜன் கிடங்கில் ஒரு பெண் அளவுமானியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், வயது 23, பெயர் நாச்சி இல்லை, இன்னும் வைக்கவில்லை. குழாயில் கசிவு இருப்பது அவளுக்குத் தெரியும். கணக்கில் அதை எழுதினால் யாருக்கோ வேலை போகும். எண்ணும் பழக்கம் இல்லாததால் அவள் கைகளை என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை, சட்டைப்பைக்குள் விட்டுவிட்டேன். தோழி அந்தக் காட்சிக்குள் வந்து, "எழுதிவிட்டாயா?" என்று கேட்கும் ஒரு மேற்பார்வையாளராகப் பதில் எழுதியிருக்கிறாள்.

நேற்று இரவிலிருந்து அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது. நான் இன்னும் மறுமொழி போடவில்லை.


தாழ்வாரம் எழுதியது:

விடை தெரிந்துவிட்டதால் தாமதிக்கிறீர்களா, தெரியாததாலா?


அந்திமந்தாரை எழுதியது:

தெரியாததால்தான், ஐயா.